இன்று ஒரு சொல்: தேக்கம்

பூண்டியில் 1944-ல் கட்டி முடித்தது 'நீர்த்தேக்கம்'. அங்கே தேக்கம் என்றால் சென்னைக்குக் குடிநீர். அதே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில், தேக்கம் என்றால் பிழைப்பில் மண். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல் தண்ணீர் உள்ளே ஏறாது, இறாலும் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், படகு, வலை எல்லாவற்றையும் கறுப்பாக்கியது.

'தேங்கு' என்றால் தானாக நிற்பது. 'தேக்கு' என்றால் யாரோ நிறுத்துவது. (தேக்கு மரம் வேறு!) ஆனால் பொருளாதாரத் தேக்கம், பதவி உயர்வில் தேக்கம் என்று எழுதும்போது, நிறுத்தியது யார் என்பது தெரிவதே இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர் கழிமுகத்தைப் பற்றிய செய்தியிலும் 'தண்ணீர் தேங்கியது' என்றே வருகிறது.