பாயிரம் இல்லாப் பக்கங்கள்

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 2023ஆம் ஆண்டுக் கதை என்று ஒரு மாணவர் தம் ஆய்வேட்டில் எழுதிக் கொண்டுவந்தால் நாம் யாரைக் கடிவது? 'மணிக்கொடி'யில் 1934இல் வெளியான கதை அது. ஆசிரியர் மறைந்ததே 1948இல். ஆனால் மாணவர் படித்த பக்கத்தின் தலையில் 2023 என்று இருந்தால் அவர் வேறு எதை எழுதுவார்? கதையைத் தட்டச்சிட்டு ஏற்றிய அன்பரும் அந்த நாளைத் தம் கையால் இட்டிருக்கமாட்டார். மென்பொருள் இட்டது, அவர் அப்படியே விட்டுவிட்டார்.

பழந்தமிழ் நூல்களையும் நாட்டுடைமையான எழுத்துகளையும் இணையத்தில் ஏற்றுவோர்க்கு ஜெக்கில், ஹியூகோ போன்ற நிலைத்தள ஆக்கிகள் நல்ல துணை. தரவுத்தளம் வேண்டா, செலவு குறைவு, தளம் போனாலும் உரைக்கோப்பு எஞ்சும். நம் பிணக்கு கருவியோடு அன்று. ஒவ்வொரு கோப்பின் தலையிலும், மும்மூன்று சிறுகோடுகள் கொண்ட இரு வரிகளுக்கு நடுவே, தலைப்பு, நாள், விவரிப்பு முதலியவற்றை எழுத இடம் உண்டு. 'ஃப்ரண்ட் மேட்டர்' என்பர். அச்சுத் தொழிலிலிருந்து வந்த சொல். நூலின் முன்னே நிற்கும் தலைப்புப் பக்கத்தையும் பதிப்புக் குறிப்பையும் சுட்டுவது. நமக்கோ அதற்கு முன்பே ஒரு சொல் உண்டு: பாயிரம்.

நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு வகுத்த எட்டையும் எண்ணிப் பாருங்கள். செய்தவர் யார், எதன் வழி வந்தது, எந்நிலத்தில் வழங்குவது, பெயர் என்ன, எவ்வாறு யாக்கப்பட்டது, எதைப் பற்றியது, கேட்போர் யார், பயன் என்ன. காலத்தையும் அரங்கேறிய களத்தையும் இயற்றிய காரணத்தையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு. எவ்வளவு விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பதும் அவர் துணிபே. வியப்பு என்னவெனில், ஜெக்கிலும் இயல்பாக அதே கொள்கையுடையது. தலையில் அந்தப் பகுதி இல்லாத கோப்பை அது பக்கமாக ஆக்குவதில்லை. உள்ளபடியே படியெடுத்து வைத்துவிடும். ஒரு சலுகை மட்டும் தருகிறது: நடுவே ஒன்றும் எழுதாமல் இரண்டு கோட்டுவரிகளை மட்டும் இட்டாலும் ஏற்றுக்கொள்ளும். பவணந்தியாரின் விதியை விட்டுவிட்டு இந்தச் சலுகையை நாம் இறுகப் பற்றிக்கொண்டோம்.

இனி ஹியூகோவைப் பாருங்கள். புதிய பக்கம் தொடங்கும்போது அது இயல்பாக எழுதித் தருவன மூன்று: தலைப்பு, நாள், வரைவா அன்றா என்னும் குறிப்பு. அந்த நாள் கோப்பு பிறந்த நாள். கதை பிறந்த நாள் அன்று. ஆசிரியர் பெயர் அந்த மூன்றில் இல்லை. விவரிப்பையும் நாம் எழுதாவிட்டால், பக்கத்தின் முதல் எழுபது சொற்களையோ அவ்வளவில் முடியும் பத்தியையோ எடுத்து அது சுருக்கம் ஆக்கிக்கொள்ளும். தட்டச்சிட்டவர் முதற்பத்தியில் நண்பர்க்கெல்லாம் நன்றி நவின்றிருந்தால், கதையின் சுருக்கமாக உலகுக்குப் போவது அந்த நன்றியுரைதான்!

"படைப்புத்தான் பேசவேண்டும், இவையெல்லாம் கணினிக்காரர் கவலை" என்பார் உளர். எந்தப் படைப்பு என்று கேட்கிறோம். இதழில் வந்த பாடமா, தொகுப்பில் திருத்திய பாடமா, பின்வந்த பதிப்பாளர் கைபட்டதா? ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் புதுமைப்பித்தன் கதைகளைச் செம்பதிப்பாக்கிக் கால வரிசையில் தந்தது இந்தக் கேள்விகளுக்காகத்தானே? 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்தால் தட்டச்சிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் முகப்பிலேயே நிற்கக் காண்கிறோம். அன்றைய எளிய கருவிகளைக்கொண்டு அவர்கள் செய்ததை, இன்றைய கருவிகளோடு நாம் கைவிடுவது எவ்வகை முன்னேற்றம்?

ஆசிரியர் பெயரை எழுதச் சோம்புவோர், 'சிறந்த கதை, தமிழ்க் கதை' எனக் குறிச்சொற்களை மட்டும் வரி வரியாக அடுக்குகின்றனர். பக்கங்களை வரிசைப்படுத்த அந்தக் குறிச்சொல் ஒட்டைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. மொழிக் குறிப்பின் கதை இன்னும் மோசம். வாங்கிய வார்ப்புருவில் 'ஆங்கிலம்' என்று இருந்ததை மாற்றாமல் விட்ட பக்கத்தை, பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று தடுமாறும். இரண்டே எழுத்துகள் கொண்ட மொழிக் குறியீட்டை மாற்றினால் தீரும் தொல்லை அது.

செய்யவேண்டியது பெரிதன்று. கருவி தரும் 'நாள்' பக்கம் ஏறிய நாளாகவே இருக்கட்டும். முதலில் வெளியான இதழ், ஆண்டு, மூலமாகக் கொண்ட பதிப்பு, மெய்ப்புப் பார்த்தவர் எனத் தனிப் புலங்களைச் சேர்க்கலாம். இரு கருவிகளும் அதற்கு இடம் தருகின்றன. ஹியூகோவில் அவற்றைப் புதுப்பக்க வார்ப்பிலேயே ஒருமுறை எழுதிவைத்தால் ஒவ்வொரு புதிய கோப்பிலும் அவை வெற்றிடமாக வந்து நின்று நம்மைக் கேட்கும். ஆனால் அங்கே எழுதியது தானாகப் பக்கத்தில் தோன்றிவிடாது. வார்ப்புரு அதை எடுத்துக் காட்டவேண்டும். தளம் அமைத்துத் தரும் நண்பரிடம் இதை வற்புறுத்திக் கேளுங்கள். பழைய பக்கங்களுக்கு மூலப் பதிப்பு எதுவென்று இனிக் கண்டறிய இயலாமற்போனால், அந்தப் புலத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஆய்வு மாணவர்க்கு அதுவும் ஒரு தகவல்தான்.