சிறியதே பெரிது

முதல் இல்லாதவன் தொழிலில் தலைவனாக முடியுமா என்று ஐயுறும் நண்பர்களே! 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே ஓட்டிவந்தவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1953-இல் அரசுடைமையான ஏர் இந்தியாவுக்கு 1978 வரை அவரே தலைவர். ஆயினும் விமானத்தில் தந்த தேநீர் காப்பி நிறத்தில் இருந்ததைக்கூடக் குறித்து அதிகாரிகளுக்கு எழுதினார். இது அற்பமா? அன்று! இயந்திரத்தைப் பயணி அறியான். கையிலுள்ள கோப்பையை அறிவான். அதைக் கொண்டே நிறுவனத்தை எடைபோடுவான்.

பிறர் குறையைக் கடிந்துரைப்பது எளிது. அவரோ அழுக்கான மேசையைக் கண்டால் துணி கேட்டு வாங்கித் தாமே துடைப்பார். அவருக்குச் செல்வம் பரம்பரையாக வந்தது. இந்தக் கண்ணோ பழக்கத்தால் வந்தது. பட்டதாரியையே காணாத வீடுகளிலிருந்து வந்து, ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டின் கடைசித் துளிக்காகக் காத்திருக்கும் நமக்கும் அது வசப்படும். அதுவே நம் முதல் என்பது என் துணிபு.