இறால் ஓடு உப்பைப் பிடிக்குமா?

"இறால் ஓட்டுல இருந்து எடுக்கிற பொடி, தண்ணியில இருக்கிற பூச்சிமருந்து, குரோமியம் எல்லாத்தையும் உறிஞ்சிடுமாமே, உங்க ஊருக்கு இதுதான் சரி" என்று நகரத்து நண்பர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பொய் இல்லை. ஆனா பாதிதான் உண்மை.

அந்தப் பொடியின் பெயர் கைட்டோசான். இறாலைச் சுத்தம் செய்யும்போது எடையில் கிட்டத்தட்ட பாதி, தலையும் ஓடுமாகக் கழிவில் போய்விடும். அந்த ஓட்டை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரையும். காரத்தில் போட்டால் புரதம் கழன்றுகொள்ளும். மிஞ்சும் கைட்டினைக் கெட்டியான காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தச் செய்முறையை எப்பவோ உருவாக்கிடுச்சு. அமிலத்தன்மை உள்ள தண்ணீரில் இதற்கு நேர்மின்னூட்டம் வரும். எதிர்மின்னூட்டம் உள்ள சாயம், குரோமேட், சில பூச்சிமருந்துகள் வந்து ஒட்டிக்கொள்ளும். கலங்கல் தண்ணிக்குப் பானையில் தேத்தாங்கொட்டை உரசுவாங்களே, அதுக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கங்க.

சரி, எங்க பக்கம் வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி டேனரிகள். 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதே, 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போச்சுன்னு பதிவாகியிருக்கு. கெடுத்தவனே செலவை ஏற்கணும் என்பதும் அதே தீர்ப்புதான். இழப்பீட்டையும் ஆற்றைச் சீர்படுத்துவதையும் பற்றி 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

எங்க நிலத்தில் தினமும் கண்ணுக்குத் தெரிகிற எதிரி உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். டேனரியில் ஊறவைத்துக் கழுவினால் அவ்வளவும் தண்ணியோடு இறங்கும். அந்தக் கிணத்துத் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தென்னை எப்படியோ தாக்குப்பிடிக்குது. நெல் நாத்து நுனி கருகி நிக்கும். கைட்டோசான் இந்த உப்பைத் தொடாது. அதுக்கு ஆர்.ஓ. வேணும், ஆர்.ஓ. வெச்சாலும் பிரிச்செடுத்த உப்பு எங்கேயாவது குவியத்தான் செய்யும்.

அதுக்காக வேண்டாம்னு சொல்லல. பூச்சிமருந்து வடிகிற கிராமக் குளத்துத் தண்ணிக்கும், டேனரியின் சாயக் கழிவுக்கும் தாராளமா முயற்சி பண்ணட்டும். ஆனா வைக்கிற இடம் டேனரியின் வாய்க்கால், செலவும் அவங்களுது. விவசாயி கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து "கிணத்துல போடுங்க"ன்னு சொல்ற திட்டமா வந்தா நான் வாங்க மாட்டேன்.

இன்னொண்ணு. விஷத்தை உறிஞ்சி நிறைஞ்ச பொடியும் விஷம்தான். அதைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம், ஆனா கழுவின தண்ணியில் எல்லாம் திரும்ப வந்து நிற்கும். பிடிச்சு வெச்ச கழிவைக் காக்கிற லட்சணம் எங்களுக்குத் தெரியாததில்ல: 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் டேனரிகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளிங்க உட்பட பத்துப் பேர் செத்தாங்க. நிறைஞ்ச பொடியை யார் எடுத்துப் போவாங்க, எங்க வைப்பாங்கன்னு எழுதியிருக்கிற திட்டத்தை யாராவது காட்டுங்க, உட்கார்ந்து படிக்கிறேன்.