அனுமதி வரும்வரை மருந்துக் கடை காத்திருக்காது

வயநாடு நிலச்சரிவு நடந்தது ஜூலை 30, 2024. ஆகஸ்ட் 1 அன்று கேரள அரசிடமிருந்து ஓர் ஆணை: அறிவியல் நிறுவனத்தார் நிலச்சரிவு நடந்த மேப்பாடிக்குப் போகக் கூடாது, ஊடகங்களிடம் கருத்தோ ஆய்வறிக்கையோ பகிரக் கூடாது. எதிர்ப்புக் கிளம்பவே, முதல்வர் பினராயி விஜயன் அன்றே அதைத் திரும்பப் பெறச் செய்தார். 2023 ஜனவரியில் ஜோஷிமட் நிலம் 12 நாளில் 5.4 செ.மீ. தாழ்ந்ததை இஸ்ரோ வெளியிட்டபோதும், ஊடகத் தொடர்பைத் தவிர்க்குமாறு நிறுவனங்களிடம் சொன்னது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம்.

மீட்புப் பணி நடக்கும் இடத்துக்கு வராதே என்றால் ஒப்புக்கொள்ளலாம். பேசாதே என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

பயிர்ப் பாதுகாப்புத் துறையினரான நமக்கும் இந்த வாய்ப்பூட்டு புதிதல்ல. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் 2016இல் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. மட்டையெல்லாம் கரும்பூசணம் படர்ந்தால் எந்த விவசாயிக்கும் பதற்றம் வரும். நாம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள், என்கார்சியா ஒட்டுண்ணி பெருகட்டும், விசைத்தெளிப்பானால் தண்ணீர் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள். ஆனால் நிருபர் கேட்டால் ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்கிறோம். கோப்பு நகர்வதற்குள் பூச்சிமருந்துக் கடைக்காரர் கேட்காமலே ஆலோசனை சொல்லி, பில்லும் போட்டுவிடுகிறார். அந்த மருந்தில் முதலில் சாவது என்கார்சியா. 2008இல் கோவையில் பதிவான பப்பாளி மாவுப்பூச்சியை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் ஒட்டுண்ணி அடக்கியதை நாமெல்லோரும் பார்த்தோம். ஆனால் ஒட்டுண்ணியை விட்டால் மட்டும் போதாது, விவசாயியின் கை தெளிப்பானுக்குப் போகாமலும் இருக்க வேண்டும். அதைச் செய்வது செய்திதான்.

ஆகவே நிருபர் அழைத்தால் தோப்புக்கே வரச் சொல்லுங்கள். ஓலையைத் திருப்பி, லென்சை அவர் கையில் கொடுங்கள். கூட்டுப்புழு ஓட்டில் வட்டத் துளை இருந்தால் ஒட்டுண்ணி வெளியேறிய தடம். ஈ வெளியேறியிருந்தால் பிளவுதான் தெரியும். அதைக் கண்ணால் பார்த்தவர் ‘மர்மப் பூச்சி தாக்குதல்’ என்று தலைப்பு வைக்க மாட்டார். விவசாயி செய்ய வேண்டியதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அளவுகளைக் கைப்பட எழுதிக் கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்காதீர்கள். செய்தியை முன்கூட்டியே காட்டச் சொல்லாதீர்கள், எண்களை மட்டும் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 8ஆம் விதி, கடமை நிமித்தம் நல்லெண்ணத்தோடு ஊடகத்தில் பங்கேற்பதைத் தடுக்கவில்லை. சொந்தக் கருத்தானால் அப்படித்தான் என்று தெளிவுபடுத்தச் சொல்கிறது, அவ்வளவே. பிறகு யாருடைய பயத்துக்காக இத்தனை வாய்ப்பூட்டு? கையேட்டில் அச்சிட்டு விவசாயிக்குக் கொடுத்த பரிந்துரையை, அதே விவசாயி படிக்கும் நாளிதழில் சொல்லக் கையொப்பம் கேட்கிறார்கள். தப்பாகப் பேசியவரைக் கேள்வி கேட்கிற அதிகாரிகள், பேசாமல் இருந்ததால் வீணாக அடிக்கப்பட்ட மருந்துக்கு ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

வெளியிடப்பட்ட பரிந்துரைகளைப் பற்றிப் பேச முன் அனுமதி வேண்டாம் என்று ஒவ்வொரு ஆராய்ச்சி நிலையமும் சுற்றறிக்கை விட வேண்டும். கோடையில் வெள்ளை ஈ மறுபடி பெருகும். அதற்குள் வேண்டும்.