பூனையின் சுதந்திரமும் மனிதனின் பொறுப்பும்

ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள வால்டோர்ஃப் என்னும் சிறு நகரில் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. நகரின் தென்பகுதியில் வாழ்வோர் ஓகஸ்ற் மாத இறுதிவரை தத்தம் பூனைகளை வீட்டினுள்ளேயே வைத்திருத்தல் வேண்டும் என்பதே அவ்வாணை. நிலத்திற் கூடு கட்டும் கொண்டை வானம்பாடி அப்பகுதியில் விரல்விட்டு எண்ணத்தக்க இணைகளாகக் குறைந்துவிட்டமை அதற்குக் காரணமாயிற்று. ஆணையை மீறுவோர் 500 யூரோவும், அவர்தம் பூனை அப்பறவையைக் கொன்றதாயின் 50,000 யூரோ வரையும் தண்டம் இறுக்க நேரும் எனவும் அறிவிக்கப்பட்டது. வெளியே திரிந்து பழகிய விலங்கைத் திடீரென அடைத்தல் கொடுமை என விலங்கு நலம் பேணுவோரிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. ஒரு சிறு நகரின் உள்ளூர் விவகாரம் பல நாட்டுப் பத்திரிகைகளில் இடம்பெற்றது.

இச்செய்தியைப் படித்து நகைத்தோர் பலர். பூனைக்கு ஊரடங்குச் சட்டமா என்பது அவர்தம் கேள்வி. ஆயின் நகைப்பு விடையாகாது. வளர்ப்புப் பூனையை வீட்டுக்கு வெளியே தன் விருப்பம்போல் திரிய விடுதல் தகுமா என்ற வினா, பூனையைப் பற்றிய வினாவாகத் தோற்றமளிப்பினும், உண்மையில் மனிதனைப் பற்றிய வினாவே ஆகும். ஓர் உயிரைத் தன் நலங்கருதி வளர்ப்பவன், அவ்வுயிர் பிறவுயிர்க்குச் செய்யும் தீங்கிற்குப் பொறுப்பாளியா அல்லனா என்பதே இங்கு தீர்க்கப்படவேண்டியது. பொறுப்பாளியே என்பதும், பூனையின் சுதந்திரம் எனப் போற்றப்படுவது பெரும்பாலும் வளர்ப்போரின் வசதிக்கு இடப்பட்ட அழகிய பெயர் என்பதும் இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்துக்களாகும்.

வெளியே விடவேண்டும் என்போர் முதலில் எடுத்தாளும் ஆயுதம் இயற்கை என்னும் சொல்லாகும். வேட்டையாடுதல் பூனையின் இயல்பு. அவ்வியல்பைத் தடுத்தல் இயற்கைக்கு மாறானது என்பர். வேட்டை பூனையின் இயல்பு என்பதை மறுப்பாரில்லை. ஆனால் பூனை வாழும் இடமும் அதன் தொகையும் இயற்கையால் அமைந்தனவா? சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் மனிதர் ஒருவரின் அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டைப் பற்றிப் பிரெஞ்சு ஆய்வாளர் 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். அத்தீவில் பூனையினம் இயற்கையாக வாழவில்லை. ஆகவே அதனை மனிதனே படகேற்றிக் கொணர்ந்திருத்தல் வேண்டும். அன்று தொடங்கிய அப்பயணம் மனிதன் குடியேறிய தீவுகள் பலவற்றிலும் தொடர்ந்தது. மனிதனால் இறக்கப்பட்டு, மனிதனின் சோற்றால் பெருக்கப்பட்டு, நோயுற்றபோது மனிதனின் மருந்தாற் காக்கப்படும் ஒரு விலங்கு, பறவையைப் பிடிக்கும் வேளையில் மாத்திரம் இயற்கையின் பிள்ளையாகிவிடுகின்றது என வாதிடுதல் நேர்மையாகாது.

இப்பயணத்தின் விளைவுகளுள் மிகத் துயரமானது நியூசிலாந்தின் குக் நீரிணையை அண்டியுள்ள ஸ்டீபன்ஸ் தீவில் நிகழ்ந்தது. பறக்கும் ஆற்றலை இழந்து தரையில் ஓடித்திரிந்த சிறு குருவியொன்று, நியூசிலாந்தின் பெருந்தீவுகளில் மறைந்தபின், இச்சிறு தீவில் மட்டும் எஞ்சியிருந்தது. 1894ஆம் ஆண்டில் அங்கு வெளிச்சவீடு ஒளிரத் தொடங்கியது. காவலர் குடியேறிய அக்காலத்திலேயே பூனையும் தீவை அடைந்தது. உதவிக் காவலராயிருந்த டேவிட் லையல், பூனை கொன்று கொணர்ந்த குருவிகளின் உடல்களைப் பாதுகாத்து வெளியே அனுப்பினார். இங்கிலாந்தின் வால்ரர் றொத்சைல்ட் அதே ஆண்டில் அதனைப் புதியதோர் இனமென விவரித்து லையலின் பெயரை அதற்குச் சூட்டினார். பெயர் பெற்ற சில ஆண்டுகளுள் அப்பறவையினம் அழிந்தொழிந்தது. தனியொரு பூனையே ஓரினத்தை அழித்தது என நெடுங்காலம் கதை வழங்கியது. தீவிற் பெருகிய பல பூனைகளின் செயலே அது எனப் பிற்கால ஆய்வு காட்டியுள்ளது. அப்பூனைகளை முற்றாக ஒழிக்க 1925ஆம் ஆண்டுவரை சென்றது. காவலர் எவரும் பறவையை அழிக்க எண்ணியவரல்லர். அவர்கள் பூனையைத் திறந்துவிட்டனர், அவ்வளவே.

தீவில் நிகழ்ந்தது கண்டங்களுக்குப் பொருந்தாது என்பாரும் உளர். அவுஸ்திரேலியா ஒரு கண்டமே. 1788ஆம் ஆண்டின் ஆங்கிலக் குடியேற்றத்தின் பின் பூனை அங்கு பரவியது. அதன்பின் அந்நாட்டில் அழிந்த பாலூட்டி இனங்களுள் 20க்கும் மேற்பட்டவற்றின் அழிவிற் பூனைக்குப் பங்குண்டு என ஆய்வாளர் கணித்துள்ளனர். காட்டுப்பூனையாய் மாறியவையே அதற்குக் காரணம், வீட்டுப் பூனை அன்று எனத் தப்பித்தல் இயலாது. வெளியே திரியும் வளர்ப்புப் பூனையொன்று ஆண்டொன்றிற்குச் சராசரி 186 பறவைகளையும் ஊர்வனவற்றையும் பாலூட்டிகளையும் கொல்கின்றது என்பது 2020ஆம் ஆண்டில் அந்நாட்டில் வெளியான கணிப்பு. ஐக்கிய அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரையான பறவைகளைக் கொல்வதாக 2013ஆம் ஆண்டின் ஆய்வொன்று மதிப்பிட்டது. அவற்றுட் பெரும்பகுதி உரிமையாளரற்ற பூனைகளால் விளைவது என்பதும் அவ்வாய்வின் முடிபே. ஆனால் உரிமையாளரற்ற பூனை வானத்திலிருந்து விழுந்ததன்று. அதன் தாயோ தாயின் தாயோ ஒரு வீட்டின் அடுப்பங்கரையில் உறங்கியதே.

இங்கு எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தையும் நோக்குதல் வேண்டும். தோட்டங்களில் பூனைகள் பெருந்தொகையான பறவைகளைக் கொல்லினும், அதனாற் பறவைகளின் மொத்தத் தொகை குறைகின்றது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை எனப் பறவைகளைக் காப்பதற்கென்றே அமைந்த பிரித்தானிய அரச சங்கம் கூறியுள்ளது. காடழிப்பும், வயல்களிற் கொட்டப்படும் நஞ்சும், விரிந்துசெல்லும் நகரங்களும் பறவைக்குப் பூனையைவிடப் பெரும் பகை என்பதும் உண்மையே. ஆயின் பெருங்குற்றவாளி ஒருவன் உளன் என்பதாற் சிறுகுற்றவாளி விடுதலை பெறுவதில்லை. வாழிடம் சுருங்கிய பறவைக்கு எஞ்சியிருக்கும் பற்றையும் வேலியுமே புகலிடம். அப்புகலிடத்திற்றான் பூனை பதுங்கியிருக்கின்றது. மேலும், காடழிப்பைத் தடுக்கச் சட்டமும் அரசும் பல ஆண்டுப் போராட்டமும் வேண்டும். பூனையைத் தடுக்க ஒரு கதவு போதும். செய்யக்கூடியதைச் செய்யாமைக்குச் செய்யவியலாததைக் காரணங் காட்டுதல் பொருந்தாது.

எலியைப் பிடிக்கவே பூனை வெளியே செல்லவேண்டும் என்பது மற்றொரு வாதம். களஞ்சியம் காத்த பூனையின் பெருமை மிகப் பழையது. அதனை முற்றாக மறுத்தலும் மிகையாகும். எனினும் நியூயோர்க் நகரின் கழிவு நிலையமொன்றில் எலிக்கூட்டத்தினிடையே 79 நாட்கள் ஒளிப்படக் கருவி கொண்டு நோக்கிய ஆய்வாளர், பூனைகள் இரண்டே இரண்டு எலிகளைக் கொன்றதை 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வளர்ந்த பெருச்சாளி பூனைக்கு எளிய இரையன்று. அணிலும் ஓணானும் பறக்கப் பழகாத குஞ்சுமே எளிய இரைகள். அன்றியும், வீட்டினுள் வரும் சுண்டெலியைப் பிடிப்பதற்கு வீட்டினுள் இருக்கும் பூனையே தக்கது. அயலார் வேலியில் உறங்கும் பூனையால் அரிசிப் பானைக்குக் காவல் கிடையாது.

வயிறு நிறையச் சோறிட்டால் பூனை வேட்டையை மறந்துவிடும் என நம்புவோரும் உளர். பசியும் வேட்டையும் பூனையில் இருவேறு உந்தல்கள். உண்ட பூனையும் அசைவதைக் கண்டால் பாயும். இங்கிலாந்தில் எக்செற்றர் பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவளித்தபோது வீட்டுக்குக் கொணரப்பட்ட இரை 36 வீதமும், நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 வீதமும் குறைந்தன. குறைந்தனவேயன்றி ஒழியவில்லை. ஆயினும் இம்முடிபு வேறொன்றையும் உணர்த்துகின்றது. பூனைக்கு வேண்டியது தெருவன்று. தக்க உணவும், நகம் தீட்ட மரமும், உயர்ந்து அமர இடமும், வளர்ப்போரின் சிறிது நேரமுமே. அடைத்துவைத்தல் கொடுமை என்போர், அந்நேரத்தைக் கொடுக்க மனமின்றிக் கதவைத் திறந்துவிடுவோரின் கொடுமையை எண்ணுவதில்லை.

வெளியுலகு பூனைக்கும் இன்பபுரி அன்று. வாகனம், தெருநாய், எலிக்கு வைத்த நஞ்சைத் தின்ற எலி, சண்டைக் கடியாற் பரவும் வைரசு நோய்கள் ஆகிய யாவும் அங்கு காத்திருக்கின்றன. நீர்வெறுப்பு நோயைப் பூனையும் மனிதனுக்குப் பரப்பவல்லது. கருவுற்ற பெண்ணின் சிசுவைத் தாக்கவல்ல தொக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைகள் பூனையினத்தின் மலத்தின் வழியாகவே மண்ணிற் கலக்கின்றன. அயலாரின் கீரைப்பாத்தியையும் குழந்தை விளையாடும் மணலையும் தன் பூனையின் மலகூடமாக்க எவருக்கும் உரிமை இல்லை.

சுதந்திரத்தைக் காட்டி வளர்ப்போர் பொறுப்பைத் துறக்குமிடத்து முடிவில் தண்டனை பெறுவது யார்? 2015ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய அரசு 2020ஆம் ஆண்டிற்குள் 20 இலட்சம் காட்டுப்பூனைகளைக் கொல்வதென இலக்கு வகுத்தது. துப்பாக்கியும் பொறியும் நச்சு இரையும் அதன் கருவிகளாயின. மனிதனின் அசட்டைக்கு முதலிற் பறவை பலியாகின்றது. பின்னர் பூனையே பலியாகின்றது. மனிதன் மட்டும் தப்பிவிடுகின்றான். பூனையை நேசிப்பதாகக் கூறுவோர் இத்தொடர்பை எண்ணிப்பார்த்தல் வேண்டும். அந்நாட்டின் தலைநகரப் பிரதேசமான கன்பராவில், 2022ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி முதலாகப் பிறந்த பூனைகள் யாவும் உரிமையாளரின் வீட்டு எல்லைக்குள்ளேயே இருத்தல் வேண்டுமெனச் சட்டம் இயற்றப்பட்டது. அலைந்து பழகிய முதிய பூனையை வருத்தாது, புதிய தலைமுறையைத் தொடக்கத்திலிருந்தே பழக்கும் இவ்வழி, நச்சு இரையினும் எத்துணையோ மனிதத்தன்மை வாய்ந்தது.

தமிழர்க்கு இவ்விவாதம் அந்நியமானதன்று. குறுந்தொகையின் 139ஆம் பாடலில், மாலைப்பொழுதில் வேலியருகே வந்த வெருகினைக் கண்டு அஞ்சி வீட்டுக் கோழி தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் காட்சியை ஒக்கூர் மாசாத்தியார் பாடியுள்ளார். வேலிக்கு அப்பால் நின்ற வெருகு பகையென அன்று அறியப்பட்டது. இன்று வேலிக்கு இப்பாலிருந்து சோறு தின்று செல்லும் பூனையைப் பகையென எவரும் கருதுவதில்லை. இலங்கையின் வீட்டு வளவுகளில் புலுனியும் குக்குறுவானும் மைனாவும் மனிதரை அண்டியே வாழ்கின்றன. அவற்றின் குஞ்சு கூட்டிலிருந்து இறங்கும் முதல்நாளிற் பூனையின் வாயில் அகப்படுதலை வளவுள்ள வீட்டார் பலர் கண்டிருப்பர். கண்டும் அது வழமை என விட்டிருப்பர்.

இதனினும் வெட்கத்துக்குரிய வழக்கமொன்று இங்குண்டு. திரியவிட்ட பூனை குட்டி ஈன்றதும், அக்குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையடியிலோ கோயிலடியிலோ இறக்கிவிட்டு வருதல் பாவமற்ற செயலாகக் கருதப்படுகின்றது. கொல்லவில்லை என்ற ஆறுதலோடு வீடு திரும்புவோர், பட்டினிக்கும் நாய்க்கும் சில்லுக்கும் அக்குட்டிகளை ஒப்படைத்தோரே. அவற்றுட் பிழைப்பவை அயலிலுள்ள பறவைக்கும் ஓணானுக்கும் எமனாகின்றன. இதனைச் சீவகாருண்யம் என அழைத்தல் அச்சொல்லுக்கே இழுக்காகும்.

திறந்த சாளரமும் முற்றமும் கொண்ட வீடுகளில் பூனையை முழுநாளும் அடைத்துவைத்தல் ஐரோப்பிய மாடிவீட்டாருக்கு எளிதாவதுபோல் எளிதன்று என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் கடினம் என்பது விலக்கன்று. குட்டியாக இருக்கும்போதே வீட்டினுள் பழக்கலாம். சாளரத்துக்குக் கம்பிவலை இடலாம். விறாந்தையின் ஒரு பகுதியை வலையிட்டுப் பூனைக்கு ஒதுக்கலாம். அதுவும் இயலாதோர், பொழுது சாயுமுன் உள்ளழைத்து விடியும்வரை கதவடைத்தலையும், குஞ்சுகள் கூடு விட்டிறங்கும் நாட்களிற் பகலிலும் உள்ளிருத்தலையும் குறைந்தபட்சக் கடமையாகக் கொள்ளலாம். மிருக வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தல் எவ்வீட்டாரும் தட்டிக்கழிக்கக் கூடாதது. இவற்றுள் எதனையும் செய்ய ஒருப்படாதவர் பூனை வளர்க்காதிருத்தலே பூனைக்கும் பறவைக்கும் நன்று.

சுதந்திரம் என்பது தன் செயலின் விளைவை உணர்ந்து தெரிவு செய்யவல்லார்க்கே பொருந்தும் சொல். பூனை அதனை உணராது. ஆகவே அதற்குப் பழியுமில்லை. உணரவல்லவன் கதவடியில் நிற்கும் மனிதன். ஒவ்வொரு மாலையும் அக்கதவைத் திறப்பதா அடைப்பதா என்று தீர்மானிப்பவனும் அவனே. அதன் விளைவுக்கு விடை சொல்லவேண்டியவனும் அவனே ஆவான்.