துயரும் தொண்டாகும்

திருக்கோவலூர் பாட்டுப் பிறந்த மண். மழை பெய்த ஓர் இரவில், ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவுமே இடமிருந்த இடைகழியில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய மூவரும் சந்தித்தனர். அவர்களிடையே நாலாமவராக வந்து நெருக்கிய பெருமானை அறிந்துகொண்ட கணத்தில் அந்தாதிகள் மூன்று பிறந்தன என்பது பெரியோர் வாக்கு. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கியுள்ள அவ்வூருக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அது ஓர் இழவின் வரலாறு.

பறம்புமலைத் தலைவன் பாரி மாண்டபின், அவனுடைய ஆருயிர் நண்பரான கபிலர் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். விச்சிக்கோவும் இருங்கோவேளும் அம்மகளிரை மணக்க இசையவில்லை. பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் பெண்ணையாற்றங்கரையில் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக் கூறுகிறது. ஆற்றின் நடுவே உள்ள பாறையை மக்கள் இன்றும் கபிலர் குன்று என்றே அழைக்கின்றனர். அவர் உயிர்விட்டதை இக்காலத்தார் பின்பற்றலாகாது. ஆனால் அதற்கு முன் அவர் செய்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். நண்பன் விட்டுச்சென்ற கடமை முடியும்வரை அவர் தம் துயரத்திற்கு இடங்கொடுக்கவில்லை.

அன்புக்குரியவர் மறைந்தால் அழுவது இயல்பு. ஆனால் நேரில் ஒருமுறையும் காணாத ஒரு பாடகருக்காக இலட்சக்கணக்கானோர் அழுதது ஏன்? புரட்டாசி மாதந்தோறும் இக்கேள்வி நினைவுக்கு வருகிறது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை நண்பகல் கடந்த வேளையில், எஸ்.பி. பாலசுப்ரமணியம் தம் 74ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். சங்கராபுரம், சின்னசேலம் போன்ற ஊர்களிலும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர் போன்ற ஊர்களிலும் திரைப்பாட்டாகவும் பக்திப்பாட்டாகவும் அவர் குரல் ஒலிக்காத திருவிழா அரிது. அவ்வாண்டிலோ ஊரடங்கினால் ஆடித் திருவிழாக்களும் ஓய்ந்திருந்தன. அந்த அமைதியினூடே இச்செய்தி வந்தது.

அதற்கு முன், ஆகஸ்டு 20ஆம் நாள் மாலை 6 மணிக்குத் திரையுலகினரும் இரசிகர்களும் அவரவர் இருந்த இடத்திலிருந்தே அவர் பாடல்களை ஒலிக்கச் செய்து கூட்டுப் பிரார்த்தனை செய்தனர். வீடுகளில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டோர் பலர். ஐந்து வாரங்கள் கழித்து அவர் மறைந்தார். அப்படியானால் அத்தனை பேரின் வேண்டுதலும் வீணாயிற்றா? இறைவன் செவி சாய்க்கவில்லையா? பல குடும்பங்களில் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்ட கேள்வி இது. பூசித்து விடை சொல்லிவிடக்கூடிய கேள்வியும் அன்று.

மார்க்கண்டேயருக்கு நீண்ட ஆயுள் அருளிய சிவபெருமானின் அடியாரான கண்ணப்பர் ஆறே நாள்களில் முத்தி பெற்றார். இருவரும் அருள் பெற்றவர்களே. எனவே ஆயுளின் அளவு அருளின் அளவாகாது. வேண்டுதல் விதியை மாற்றாதபோதும் வேண்டுவோரை மாற்றுகிறது. ஒருவரையொருவர் அறியாதோர் பிறர் ஒருவரின் உயிருக்காக ஒரே நேரத்தில் கைகூப்பினார்களே, அதுவே ஒரு வழிபாடு.

அழுகையையும் நம் சமயம் விலக்கவில்லை. உளுந்தூர்பேட்டைக்கு அருகே கூவாகத்தில், சித்திரைத் திருவிழாவின்போது கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், அரவான் களப்பலியானதும் தாலியறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைக்கின்றனர். அங்கே துயரமே வழிபாடாகிறது. ஆயினும் அதற்கு ஒரு நாளும் ஓர் எல்லையும் உண்டு. எல்லை கடந்தபின் துயரம் வேறு வடிவம் பெற வேண்டும்.

அந்த வடிவம் யாது என்பதை மறைந்த பாடகரே காட்டிச் சென்றார். அவருடைய தந்தை சாம்பமூர்த்தி ஹரிகதைக் கலைஞர். நெல்லூரில் இருந்த தம் பூர்விக இல்லத்தை 2020 பிப்ரவரியில் வேதபாடசாலைக்காகக் காஞ்சி காமகோடி பீடத்திற்கு அவர் அர்ப்பணித்தார். தந்தையின் நினைவு மந்திரம் ஒலிக்கும் இடமாயிற்று. சபரிமலை யாத்திரையில் தம்மைச் சுமந்த டோலித் தொழிலாளர்களின் பாதங்களைத் தொட்டு அவர் வணங்கிய காட்சியைப் பலரும் கண்டுள்ளனர். 'சங்கராபரணம்' படத்திற்காகத் தேசிய விருது பெற்ற அப்பெருங்கலைஞர் கர்நாடக இசையை முறையாகப் பயின்றவரல்லர். பணிவும் உழைப்புமே அவருக்குக் குருவாயின.

திருவையாற்றிலும் இதுவே நிகழ்ந்தது. 1847இல் சித்தியடைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்த நிலையறிந்து, பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் செல்வத்தைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பினார். அவரும் சுவாமிகளை நேரில் கண்டவரல்லர். பாட்டின் வழியாகவே அறிந்தவர். இன்று ஆராதனை நாளில் காவிரிக்கரையே பாடுகிறது.

ஆகவே, தாம் விரும்பிய கலைஞரை இழந்து வருந்தும் இளைஞரைப் பெரியோர் எள்ளி நகையாட வேண்டா. படத்திற்கு மாலை சூட்டுவதோடு நிற்காமல், அவர் நினைவாக ஒரு நற்செயல் செய்யுமாறு அவர்களுக்கு வழிகாட்டலாம். ஊர்க் கோயிலில் சனிக்கிழமைதோறும் பசனை பாடலாம். இசை பயில விரும்பும் ஏழைக் குழந்தைக்கு ஓர் ஆண்டுக் கட்டணம் செலுத்தலாம். திருவிழாவில் வாசித்துப் பிழைக்கும் நாதசுவர, தவில் கலைஞரின் இல்லத்தில் அடுப்பு எரிகிறதா என்று விசாரிக்கலாம். பாடியவர் போனபின்னும் பாட்டு நிற்காதிருப்பதே அவருக்குச் செய்யும் அஞ்சலி.