வினாத்தாளில் இல்லாத சாதி: சூழலியல் கல்வி ஆய்வுகள் யாரை அளக்கின்றன?

தமிழ்நாட்டின் கல்வியியல் கல்லூரிகளில் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு தலைப்பு சலிக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது: மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் சுற்றுச்சூழல் விழிப்புணர்வும் மனப்பான்மையும். முறையும் ஏறத்தாழ ஒன்றே. பிரவீன் குமார் ஜாவின் விழிப்புணர்வு அளவுகோலோ, ஹசீன் தாஜின் மனப்பான்மை அளவுகோலோ, ஆய்வாளரே தயாரித்த வினாத்தாளோ மாணவர் கையில் கொடுக்கப்படும். ஆண் - பெண், நகரம் - கிராமம், அரசுப் பள்ளி - தனியார் பள்ளி என்று பிரித்துச் சராசரி காணப்படும். எந்தப் பிரிவு குறைந்த மதிப்பெண் பெற்றதோ அந்தப் பிரிவுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தவேண்டும் என்ற பரிந்துரையோடு கடைசி இயல் முடியும்.

அப்படி ஒரு வினாத்தாள் கச்சிராயபாளையத்துப் பள்ளி ஒன்றில் விநியோகிக்கப்படுவதாகக் கொள்வோம். கல்வராயன் மலையின் அடிவாரத்து ஊர் இது. மலைநீரைத் தேக்கும் கோமுகி அணை அருகில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியின் இரண்டாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இங்கே இருக்கிறது. அணைத் தண்ணீரில் கரும்பு போடும் குடும்பத்துப் பிள்ளையும், அந்தக் கரும்பை வெட்டக் கூலிக்குப் போகும் சேரிக் குடும்பத்துப் பிள்ளையும், மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கக்கூடும். தண்ணீர், நிலம், காடு ஆகிய சொற்கள் இம்மூவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. நாடு விடுதலை பெற்ற பிறகும் 1976 வரை ஜாகிர்தாரர்களின் பிடியில் கிடந்த மலை அது. அங்குள்ள மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தாமாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது.

இனி வினாத்தாளுக்கு வருவோம். ரைலி டன்லப், கென்ட் வான் லியர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட சூழலியல் மனப்பான்மை அளவுகோல், 2000இல் 15 கூற்றுகள் கொண்டதாகத் திருத்தப்பட்டது. இத்துறையில் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுத்தப்படுவனவற்றுள் அதுவும் ஒன்று. தம் தேவைக்கேற்ப இயற்கையை மாற்றிக்கொள்ளும் உரிமை மனிதருக்கு உண்டு என்னும் பொருளில் அதில் ஒரு கூற்று இருக்கிறது. அதற்கு உடன்படுகிற மாணவருக்கு மதிப்பெண் குறையும். வீட்டுமனைப் பட்டாவுக்கும் ஒரு சாலைக்கும் தலைமுறையாகக் காத்திருக்கும் குடும்பத்துப் பெண் அதற்கு 'ஆம்' என்று குறியிட்டால், அவள் இயற்கையின் பகைவியாகக் கணக்கிடப்படுவாள். மலையைக் குடைந்து கல் எடுக்கும் குத்தகைதாரரும் குடிசைக்குக் கூரை வேண்டும் அவளுடைய தாயும் 'மனிதர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டுவிடுகிறார்கள்.

நடத்தையை அளக்கும் கேள்விகள் இன்னும் வேடிக்கையானவை. பல் துலக்கும்போது குழாயை மூடுகிறாயா? அறையைவிட்டு வெளியேறும்போது மின்விசிறியை நிறுத்துகிறாயா? தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருக்கும் பிள்ளை இதற்கு என்ன பதில் எழுதும்? மிகக் குறைவாகத் தண்ணீரும் மின்சாரமும் செலவழிக்கும் வீடுகளின் பிள்ளைகளே குறைந்த மதிப்பெண் பெறும் அளவுகோல் எதை அளக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சில ஆய்வேடுகளில் 'சமூகம்' என்ற பெயரில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என்ற பகுப்பு இடம்பெறுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே சாதி மாணவரின் தன்விவரப் பகுதியோடு நின்றுவிடுகிறது, கேள்விகளுக்குள் நுழைவதில்லை. சராசரி குறைந்தால் அது அந்தப் பிள்ளையின் குறையாகவே வாசிக்கப்படுகிறது.

இந்த வாசிப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆடம் பியர்சனும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, சிறுபான்மை இனத்தவரும் வறியவரும் சுற்றுச்சூழல் குறித்துக் கொண்டிருக்கும் அக்கறையை அந்நாட்டு மக்கள் உண்மையைவிடக் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. அதைவிட முக்கியமானது, அந்தச் சிறுபான்மையினரே தம் மக்களின் அக்கறையைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பது. சூழலியலாளர் என்றால் வெள்ளையர், படித்தவர் என்ற படிமம் அவர்கள் மனத்திலும் பதிந்திருந்தது. சாதி குறித்து உளவியல் துறை இங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுவே. இந்தியச் சூழலியல் அரசியலில் தலித்துகளின் இடம் குறித்து முகுல் சர்மா 2017இல் 'சாதியும் இயற்கையும்' என்னும் நூலை எழுதினார். கல்வியியல் ஆய்வுகளின் மேற்கோள் பட்டியலில் அப்படிப்பட்ட நூல் தென்படுவது அரிது.

பள்ளித் தூய்மைப் பணியில் பங்கேற்பது நல்ல சூழலியல் நடத்தை என்று எந்த வினாத்தாளும் மதிப்பெண் போடும். ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பட்டியல் சாதி மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் 2022இல் தலைமை ஆசிரியை ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்தக் குழந்தைகளுக்கு எத்தனை மதிப்பெண்? அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. நீர் மாசுபாடு என்ற பாடம் ஆலைக் கழிவோடும் பூச்சிக்கொல்லியோடும் முடிந்துவிடுகிறது. 1927இல் மகாடு குளத்து நீரை அள்ளிக் குடிக்க அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்ட வரலாறு குடியுரிமைப் பாடமாகக்கூட அரிதாகவே சொல்லப்படுகிறது. சூழலியல் பாடமாக ஒருபோதும் இல்லை.

'விழிப்புணர்வு' என்ற சொல்லையே நாம் ஐயத்தோடு பார்க்கிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். அப்போதும் மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்ற பேச்சு எழுந்தது. விற்றவரையும் விட்டுவைத்தவரையும் நோக்கிப் போகவேண்டிய கேள்வி, குடித்தவரின் மனத்தை நோக்கித் திருப்பப்பட்டது. குடிநீர்க் குழாய் கேட்கும் சேரிக்கு முகாம் நடத்தச் சொல்லும் ஆய்வேடும் அதே வேலையைத்தான் செய்கிறது. முகாமுக்குச் செலவு குறைவு. எவருடைய நிலத்தையும் தொடவேண்டியதில்லை.

விந்தை என்னவென்றால், உளவியலே இந்தப் பரிந்துரையை ஆதரிப்பதில்லை. அறிவு கூடினால் மனப்பான்மை மாறும், மனப்பான்மை மாறினால் நடத்தை மாறும் என்ற 1970களின் நேர்கோட்டு மாதிரி பிழையானது என்பதை அன்யா கோல்முஸ், ஜூலியன் ஆகியமன் இருவரும் 2002ஆம் ஆண்டுக் கட்டுரையில் தொகுத்துக் காட்டினார்கள். வசதியும் நிறுவனங்களும் பொருளாதாரமும் நடத்தையைத் தீர்மானிக்கின்றன என்பது இத்துறையில் பழைய செய்தி. நம் ஆய்வேடுகள் மட்டும் இன்னும் அந்த நேர்கோட்டிலேயே நடக்கின்றன.

எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் அளித்த தீர்ப்பின் பயனாகவே சுற்றுச்சூழல் கல்வி எல்லா நிலைகளிலும் கட்டாயமானது. இன்று இளநிலைப் பட்டம் படிப்பவர் எவரும் அந்தத் தாளை எழுதாமல் வெளியேற முடியாது. ஆகவே இது ஒரு சில கல்வியியல் துறைகளின் உள்விவகாரம் அன்று. பாடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதை இத்தகைய ஆய்வுகளைக் காட்டியே முடிவு செய்கிறார்கள்.

தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் முதுநிலை மாணவர்களிடம் நாம் கேட்பது இதுதான். பிள்ளையை மட்டும் அளக்காமல் ஊரையும் அளவுங்கள். கச்சிராயபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்த் தெருவிலும் சேரியிலும் குழாய் எத்தனை, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, குப்பைக் கிடங்கு எந்தப் பக்கம், சுடுகாட்டுப் பாதை யார் நிலத்தில் என்பதை மாணவர்களே வரைபடமாக்கட்டும். மனப்பான்மை அளவுகோலை ஆதிக்கச் சாதி மாணவருக்கும் ஆசிரியருக்கும் கொடுத்து, பொதுக் கிணறு யாருக்கு உரியது என்றும் கேளுங்கள். ஆய்வு முடிந்ததும் ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்தில் வைப்பதோடு நில்லாமல், தகவல் தந்த பிள்ளைகளின் பெயர் வெளித்தெரியாத வகையில் அட்டவணைகளைத் தமிழில் அந்தத் தெருக்களுக்குக் கொடுங்கள். கிராம சபையிலோ பேரூராட்சி அலுவலகத்திலோ குடிநீருக்கு மனு எழுதுகிறவர்கள் அதை இணைத்துக்கொள்வார்கள்.